வெட்கம்னு சொன்னா பத்தாது

மார்ச் 12

மதிப்புக்குரிய ஐயாவுக்கு,

வணக்கம். இந்தக் கையெழுத்து உங்களுக்குப் புதுசு. போன வாரம் ஹோட்டல் மேலாளர் அறையில உங்களுக்கும் அவங்களுக்கும் நடுவுல உட்கார்ந்திருந்த மொழிபெயர்ப்பாளர் நான். ஃபோன் பண்ணினேன், நீங்க எடுக்கல. ரெண்டாம் நாள் என் நம்பரையே நீங்க தடுத்து வச்சிருந்தீங்க. சலவைக்கூடத்துல துணி மடிக்கிற அக்காதான், நீங்க வேலையை விட்டுட்டு மகள் வீட்டுக்குப் போயிட்டதாச் சொல்லி இந்த விலாசத்தைக் கொடுத்தாங்க. அவங்களைக் கோவிச்சுக்காதீங்க. நான்தான் விடாமக் கேட்டேன்.

முதல்ல ஒரு நன்றி பாக்கி இருக்கு. அன்னிக்கு நான் மழையில நனைஞ்சு சலவைக்கூட வாசல்ல வந்து நின்னேன். மேலாளர் வர இன்னும் கால்மணி நேரம் இருந்துச்சு. நீங்க ஒரு வார்த்தை பேசாம என் கோட்டை வாங்கி ஆவி இஸ்திரியில வச்சுக் காயவச்சு, சூடா திருப்பிக் கொடுத்தீங்க. உங்களுக்கு இருந்த மனநிலையில அதை நீங்க செஞ்சிருக்க வேண்டியதே இல்ல. நான் தலையை மட்டும் ஆட்டினேன். வாயில பேசிப் பிழைக்கிறவளுக்கு அந்த நேரத்துல வார்த்தை வரல.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். நடந்ததை உங்ககிட்டயே சொல்றது கொல்லன் தெருவுல ஊசி விக்கிற மாதிரிதான். ஆனா எனக்குத் தெரிஞ்சது எவ்வளவுன்னு நீங்க தெரிஞ்சுக்கணும். விருந்தாளி ஒருத்தங்களோட முத்துக் கம்மல் காணோம். சலவைக்குப் போட்ட துணியோட போயிருக்கும்னு அவங்க சொல்ல, மேலாளர் கீழே வந்து, உங்க பையை வாங்கி, எல்லார் முன்னாடியும் இஸ்திரி மேஜையில கொட்டினாங்க. மறுநாள் கம்மல் அந்த விருந்தாளியோட கோட்டு உள்துணியிலயே கிடைச்சுது. அதுக்கு மன்னிப்புக் கேக்கத்தான் உங்களைக் கூப்பிட்டாங்க, என்னையும் வரவழைச்சாங்க.

அவங்க சொன்னதுல ஒரு ஆங்கில வார்த்தை வந்துச்சு. மார்ட்டிஃபைடு. 'நான் உங்களுக்குச் செஞ்சதை நினைச்சா மார்ட்டிஃபைடா இருக்கு'ன்னாங்க. நான் அதை, 'எல்லார் முன்னாடியும் நடந்ததை நினைச்சா எனக்கு ரொம்ப அவமானமா இருக்கு'ன்னு சொன்னேன். நீங்க எழுந்து ஏப்ரனைக் கழட்டி மேஜையில வச்சுட்டு, 'பையைக் கொட்டினது அவங்க, அவமானமும் அவங்களுக்கா?'ன்னு கேட்டுட்டுப் போயிட்டீங்க.

அந்த வார்த்தைக்கு நான் சொன்ன அர்த்தம் சரியில்ல ஐயா. வீட்டுக்கு வந்து யோசிச்சப்பதான் உறைச்சுது. அவங்க தன் கௌரவம் போச்சேன்னு சொல்லல. தான் செஞ்ச காரியத்துக்காகத் தலைகுனிஞ்சு சொன்னாங்க. இதை உங்களுக்குத் தெரிவிக்க வேண்டியது என் கடமை.

இப்படிக்கு,
மொழிபெயர்ப்பாளர்


மார்ச் 18

மொழிபெயர்ப்பு மேடத்துக்கு,

கடிதம் கிடைச்சுது. என் வீட்டுக்காரிதான் முதல்ல பிரிச்சா. இந்தக் காலத்துல யாரு தபால்ல எழுதுறாங்க, கோர்ட்டு நோட்டீஸா இருக்கும்னு பயந்துட்டா. வாசிச்சுட்டு, 'பரவாயில்லையே, ஒரு மனுஷி தேடி வந்து தப்புன்னு சொல்லியிருக்கா'ன்னா. அவளுக்கு இளகின மனசு. எனக்கு அப்படி இல்ல.

கோட்டுக்கெல்லாம் நன்றி எதுக்கு? ஈரத் துணியைப் பார்த்தா என் கை சும்மா இருக்காது. நாய் வந்து நனைஞ்சு நின்னாலும் முதுகுல துண்டைப் போட்டிருப்பேன்.

ஆனா ஒண்ணு கேக்கறேன். நான் முப்பது வருஷமா துணியைப் பார்த்துப் பிழைக்கிறவன். இந்த நாட்டுக்கு வந்து அந்த ஹோட்டல்ல மட்டும் பத்தொம்பது வருஷம். எந்தச் சுருக்கம் உட்கார்ந்ததால விழுந்தது, எந்தச் சுருக்கம் கையில கசக்கினதுன்னு பார்த்தவுடனே சொல்லுவேன். அன்னிக்குக் கதவுகிட்ட ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன். மேலாளர் முகத்தைப் பார்க்கல. உங்க முகத்தைத்தான் பார்த்தேன். வீட்டுக்குப் போய் யோசிச்சு உறைச்ச முகம் இல்ல அது. அங்கயே உறைச்ச முகம்.

பூசி மெழுகாதீங்க. நெல்லைக் கொட்டினா அள்ளலாம், சொல்லைக் கொட்டினா அள்ள முடியாது. அள்ளத்தான் வந்தீங்கன்னா முழுசா அள்ளுங்க. இல்லன்னா விட்டுடுங்க.

இஸ்திரிக்காரன்


மார்ச் 24

ஐயாவுக்கு,

உங்க கடிதத்தைச் சமையலறையில நின்னுக்கிட்டே வாசிச்சேன். அடுப்புல இருந்த பால் பொங்கி வழிஞ்சதுகூடத் தெரியல.

நீங்க சொன்னது சரி. எனக்கு அங்கயே தெரிஞ்சுது. நீங்க எழுந்த அந்த நொடியில தெரிஞ்சுது. கதவு சாத்தினதும் மேலாளர் என் பக்கம் திரும்பி, 'நான் என்ன தப்பாச் சொன்னேன்?'னு கேட்டாங்க. கண்ணெல்லாம் கலங்கியிருந்துச்சு. அப்ப நான் சொல்லியிருக்கணும்: 'நீங்க எதுவும் தப்பாச் சொல்லல, நான்தான் சொன்னேன்'னு. அதுக்குப் பதிலா என் வாயில வந்தது, 'அவர் இன்னும் கோபமா இருக்கார்.' அவ்வளவுதான். உங்க பின்னாடி மாடிப்படியில ஓடி வந்திருந்தா பிடிச்சிருக்கலாம். ஓடல. வேலை முடிஞ்ச சீட்டுல கையெழுத்து வாங்கிக்கிட்டு பஸ் ஏறிட்டேன். உங்களுக்கு எழுதறதுக்கு ஒன்பது நாள் ஆச்சு. அதுலயும் அரைக் கடிதம்தான் எழுதினேன்.

ஏன்னு கேட்டா, பயம். பதினொரு வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன். எங்க வேலையில தப்பு நடந்தா பெரும்பாலும் யாருக்கும் தெரியாது. இந்தப் பக்கம் இருக்கறவருக்கு அந்த மொழி தெரியாது, அந்தப் பக்கம் இருக்கறவருக்கு இந்த மொழி தெரியாது. ரெண்டும் தெரிஞ்சவ நான் ஒருத்திதான். மறைக்கறதுக்கு இதைவிட வசதியான இடம் உலகத்துல இல்ல.

அந்த வார்த்தையைப் பத்திச் சொல்லிடறேன். ஆங்கிலத்துல சாதாரணக் கூச்சத்துக்கு வேற வார்த்தை இருக்கு. சட்டைப் பொத்தானை மாத்திப் போட்டுக்கிட்டு வெளியே வந்துட்டா அது போதும். மார்ட்டிஃபைடு அதுக்கும் பல படி மேல. அதோட வேர்ச்சொல்லுக்கு அர்த்தம் சாவு. பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கக் கூடாதான்னு, நாக்கைப் பிடுங்கிக்கிட்டுச் சாகலாமான்னு நிக்கிறோமே, அந்த நிலைமை. அம்மா பஸ்ல சத்தமாப் பாடினாங்கன்னு பள்ளிக்கூடப் பசங்களும் இதைச் சொல்லத்தான் செய்யறாங்க, மிகைப்படுத்தி. ஆனா அன்னிக்கு அந்தம்மா மிகைப்படுத்தல.

இதுல ஒரு சிக்கல் இருக்கு. அடுத்தவரால தலைகுனிஞ்சவரும் இந்த வார்த்தையைச் சொல்லலாம், தன் செய்கையாலயே தலைகுனிஞ்சவரும் சொல்லலாம். உங்க ரெண்டு பேருக்குமே அது பொருந்தும். தமிழ்ல 'அவமானம்'னு சொன்னா, உடனே 'யாரு பண்ணினது?'ன்னு மனசு ஆள் தேடும். நீங்க தேடினீங்க. அந்த அறையில உங்களைத் தவிர வேற ஆள் இல்ல. 'வெட்கம்'னு சொல்லலாம்னு ஒரு நொடி நினைச்சேன். ஆனா வெட்கம்னா கல்யாணப் பொண்ணு கால் கட்டைவிரலால தரையில கோடு போடற மாதிரி இருக்குமேன்னு தள்ளிட்டேன். 'நான் செஞ்சதை நினைச்சா வெட்கத்துல செத்துப் போறேன்'னு சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும். அது எல்லார் வீட்டுலயும் புழங்குற பேச்சு. அன்னிக்கு அது எனக்கு மூணாவது வேலை. பெரிய வார்த்தைக்குப் பெரிய வார்த்தையாத் தேடினேன், பக்கத்துலயே இருந்ததை எடுக்கல.

நேத்து மேலாளர்கிட்டப் போய் எல்லாத்தையும் சொல்லிட்டேன். எங்க ஆபீஸ்லயும் எழுதிக் கொடுத்துட்டேன். இது நீங்க மன்னிக்கணும்னு இல்ல. முழுசா அள்ளச் சொன்னீங்களே, அதுக்கு.

மொழிபெயர்ப்பாளர்


ஏப்ரல் 1

தங்கச்சிக்கு,

தேதியைப் பார்த்துட்டு ஏமாத்தறேன்னு நினைக்காதம்மா. வயசுல நீ சின்னவதான் இருப்பே. அதனால மேடத்தை இறக்கி வச்சுட்டேன்.

உன் கடிதத்தை மூணு தடவை வாசிச்சேன். மறைக்க வசதியான இடத்துல உட்கார்ந்துக்கிட்டு மறைக்காம இருக்கறது லேசு இல்ல. அதுக்கு முதல்ல நன்றி. அந்த நன்றியைச் சும்மா சொல்லக் கூடாது, நானும் பதிலுக்கு ஒண்ணை முழுசா அள்ளணும். அதனால யாருக்கும் சொல்லாததைச் சொல்றேன்.

பையைக் கொட்டினதுல நான் சாகல. தேடினா தேடட்டும், மடியில கனம் இல்ல. ஆனா பையில சாப்பாட்டு டப்பாவோட ஒரு நோட்டு இருந்துச்சு. நாலு கோடு போட்ட பிள்ளைங்க நோட்டு. ஏ பி சி டி. எனக்கு அம்பத்தினாலு வயசு. பத்தொம்பது வருஷமா துணியில தைச்சிருக்கற ஆங்கிலக் குறிப்பையெல்லாம் படிச்சுத்தான் இஸ்திரி போடறேன்னு எல்லாரும் நம்பிக்கிட்டிருந்தாங்க. படிக்க மாட்டேன். தொட்டுப் பார்த்தே சூடு வைப்பேன். இது வரைக்கும் ஒரு துணியைக் கருக்கினது இல்ல. ஆனா புது மேற்பார்வையாளர் வேலைக்கு எழுதப் படிக்கத் தெரியணும்னாங்க. என் மக ஃபோன்லயே எழுத்துச் சொல்லிக் கொடுத்தா. மதியச் சாப்பாட்டு நேரத்துல கொதிகலன் அறைக்குப் பின்னாடி உட்கார்ந்து எழுதுவேன்.

நோட்டு மேஜையில விரிஞ்சு விழுந்துச்சு. துணி காயவைக்கிற மெஷின்ல வேலை பார்க்கிறவன் அதை எடுத்தான். 'இது என் வீடு. என் வீட்டில் பூனை இருக்கிறது'ன்னு ஆங்கிலத்துல, பிள்ளைங்க வாசிக்கிற மாதிரி இழுத்து இழுத்து வாசிச்சான். சுத்தி நின்ன பதினாலு பேரும் சிரிச்சாங்க. மடிக்கிற அக்கா மட்டும் சிரிக்கல. மேலாளர் என் காலிப் பையைக் கையில பிடிச்சுக்கிட்டு நின்னாங்க. 'நிறுத்து'ன்னு ஒரு வார்த்தை சொல்லல.

நீ சொன்ன அந்த வார்த்தைக்கு எனக்கு அர்த்தம் புதுசா விளக்க வேண்டியதில்லம்மா. பேர்தான் தெரியாம இருந்துச்சு. அது என்னன்னு எனக்கு நல்லாத் தெரியும். காதெல்லாம் கொதிக்கும். கை எங்க இருக்குன்னு தெரியாது. நம்ம நோட்டை நாமே எடுத்து நாமே பைக்குள்ள வைக்கணும், அதுவும் எல்லாரும் பார்க்கும்போது.

மேலாளர் நிஜமாவே அப்படித்தான் சொன்னாங்கன்னா, எனக்கு அவங்க மேல இருந்த கோபத்துல பாதி போச்சு. மீதிப் பாதிக்கு ஒரு வழி இருக்கு. அறைக்குள்ள கூப்பிட்டுக் கதவைச் சாத்திக்கிட்டு மன்னிப்பு வேண்டாம். பையை எங்க கொட்டினாங்களோ அங்க, யார் முன்னாடி கொட்டினாங்களோ அவங்க முன்னாடி. முடியும்னா வர்றேன். முடியாதுன்னா நான் இங்கயே ஒரு கடையில சேர்ந்துக்கறேன், கேட்டு வச்சிருக்கேன். நோட்டு விஷயத்தை நீ அவங்ககிட்டப் பேசலாம். உனக்கு அனுமதி உண்டு.

உன் ஆபீஸ்ல என்ன சொன்னாங்க? அதைப் பத்தி ஒரு வரிகூட நீ எழுதல.

அண்ணன்


ஏப்ரல் 8

அண்ணனுக்கு,

இந்த வார்த்தையை நான் எழுதறது இதுதான் முதல் தடவை. நான் கூடப் பிறந்தவங்க இல்லாம வளர்ந்தவ.

உங்க கடிதத்தை எடுத்துக்கிட்டு மேலாளர்கிட்டப் போனேன். இந்தத் தடவை ஒவ்வொரு வரியா நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். நோட்டு வரைக்கும் வந்ததும் அவங்க கையால வாயை மூடிக்கிட்டாங்க. அப்புறம் சொன்னாங்க: 'பையைக் கொட்டினதை விட எனக்கு அதுதான் தாங்கல. சிரிப்பை நிறுத்தாம நின்னேன். ஏன் நின்னேன்னு இன்னிக்கும் தெரியல. அன்னிக்கு அறையில இதைத்தான் சொல்ல வந்தேன். நோட்டுன்னு சொன்னா அவர் இன்னும் சங்கடப்படுவாரோன்னு பொதுவாச் சொல்லிட்டேன்.' பாருங்கண்ணே, அவங்களும் ஒரு வார்த்தையைத் தள்ளிட்டு வேற வார்த்தையை எடுத்திருக்காங்க. எனக்கு மட்டும்தான் அந்த வியாதின்னு நினைச்சிருந்தேன்.

உங்க நிபந்தனையைச் சொன்னேன். 'எந்த நாள்?'னு மட்டும் கேட்டாங்க. பதினெட்டாம் தேதி காலையில, எல்லா ஆளும் இருக்கற வேளையில, இஸ்திரி மேஜைகிட்ட. உங்களுக்குச் சரியா?

நான் வர முடியாது. ஆபீஸ் பத்திக் கேட்டீங்களே, அதுதான். விசாரணை முடியற வரைக்கும் எனக்கு வேலை தர மாட்டாங்க. விதி அப்படி, அதுல நியாயமும் இருக்கு. பதினெட்டாம் தேதி வேற ஒருத்தர் வருவார். டை கட்டிக்கிட்டு வர்ற பெரியவர், நல்ல அனுபவசாலி. என்னைப் பத்திக் கவலைப்படாதீங்க. வீட்டு அலமாரியெல்லாம் இப்பத்தான் சுத்தமா இருக்கு.

நீங்க மட்டும் அன்னிக்கு 'அங்கயே உறைச்ச முகம்'னு எழுதாம இருந்திருந்தா, நான் அந்த அரைக் கடிதத்தோட என்னை நல்லவள்னு நினைச்சுக்கிட்டே வாழ்ந்திருப்பேன். அதுக்கு என்னிக்கும் நன்றி.

தங்கச்சி


ஏப்ரல் 20

தங்கச்சிக்கு,

நடந்ததை வரிசையாச் சொல்றேன், கேளு.

நானும் என் வீட்டுக்காரியும் மகளும் ரயில்ல வந்தோம். 'நீங்க எதுக்கு?'ன்னேன். 'பத்தொம்பது வருஷமா உன் சாப்பாட்டு டப்பாவை அந்தப் பையில வச்சவ நான், எனக்கும் அதுல பங்கு இருக்கு'ன்னா வீட்டுக்காரி.

சலவைக்கூடத்துல மெஷினையெல்லாம் நிறுத்தி வச்சிருந்தாங்க. அந்த இடம் அவ்வளவு அமைதியா இருந்து நான் பார்த்ததே இல்ல. குழாய்ல தண்ணி சொட்டுறது கேட்டுச்சு. பதினாலு பேரும் நின்னாங்க. மேலாளர் வந்து மேஜைக்கு அந்தப் பக்கம் நிக்கல, என் பக்கத்துல வந்து நின்னாங்க. கையில காகிதம் இல்ல. பேச ஆரம்பிச்சதும் கழுத்துல இருந்து காது வரைக்கும் சிவந்து ஏறுச்சு. பாதியிலயே எனக்குப் புரிஞ்சுபோச்சு. அந்தக் காது எனக்குத் தெரிஞ்ச காது.

உன் டை கட்டின பெரியவர் எல்லாத்தையும் அழகாத்தான் சொல்லிக்கிட்டு வந்தார். 'உங்கள் பையைச் சோதித்தது தவறு. மற்றவர்கள் சிரித்தபோது தடுக்காதது அதைவிடப் பெரிய தவறு'ன்னு செய்தி வாசிக்கிற மாதிரி. அப்புறம் அந்த வார்த்தை வந்துச்சு. எனக்குக் காதுல விழுந்துடுச்சு, மார்ட்டிஃபைடு. அவர் கண்ணாடியைச் சரி பண்ணிக்கிட்டு, 'மேலாளர் மிகவும் வெட்கப்படுகிறார்'ன்னார்.

நான் சும்மா இருக்க முடியாம, 'ஐயா, அது பத்தாது. செத்துப் போறாங்கன்னு சொல்லுங்க'ன்னுட்டேன்.

அவர் திகைச்சுப் போய் என்னைப் பார்த்தார். தமிழ் தெரிஞ்ச மடிக்கிற அக்கா வாயைப் பொத்திக்கிட்டா. மேலாளர், 'என்ன சொல்றார்?'னு கேட்டாங்க. பெரியவர் தயங்கித் தயங்கி அதை ஆங்கிலத்துல சொன்னதும், அந்தம்மா, 'ஆமா, ஆமா, அதேதான்'னு தலையை ஆட்டிக்கிட்டே அழுதுட்டாங்க. அழுகையோட சிரிப்பும் வந்துடுச்சு. எனக்கும்தான். பதினாலு பேரும் சிரிச்சாங்க. இந்தச் சிரிப்பு வேற.

எல்லாரும் கலைஞ்சப்புறம், நோட்டை வாசிச்ச அந்தக் காயவைக்கிறவன் வந்தான். என் பெட்டியைத் தூக்கிட்டு வாசல் வரைக்கும் வந்தான். போதும். எல்லாத்தையும் வாயால கேக்கணும்னு கட்டாயம் இல்ல.

திங்கட்கிழமையில இருந்து வேலைக்கு வரச் சொன்னாங்க. வர்றேன்னுட்டேன்.

ரயிலுக்கு முன்னாடி இன்னொரு வேலை இருந்துச்சு. மேலாளர்கிட்ட உன் ஆபீஸ் எங்கன்னு கேட்டேன். 'நானும் வர்றேன்'னு காரை எடுத்துட்டாங்க. உன் பெரிய அதிகாரி முன்னாடி நாலு பேரும் போய் உட்கார்ந்தோம். நான் சொல்றதை என் மக ஆங்கிலத்துல சொன்னா. நான் சொன்னது இவ்வளவுதான்: 'தப்பை ஒத்துக்கிட்ட ஆள் உங்ககிட்ட ஒருத்திதான் இருக்கா. மத்தவங்க பண்ணின தப்பு உங்களுக்குத் தெரியவே வராது. நீங்க யாரை வெளியே நிறுத்தியிருக்கீங்கன்னு யோசிங்க. அவ ஒத்துக்கலன்னா நான் இன்னிக்கு இந்த அம்மாவோட ஒரே கார்ல வந்திருக்க மாட்டேன். நாங்க ரெண்டு பேரும் கோபத்தோடயே செத்திருப்போம்.' அதிகாரி எல்லாத்தையும் எழுதிக்கிட்டார்.

அவர் என்ன முடிவு பண்ணினாலும், என் வீட்டுல உன் பேச்சு இல்லாம ஒரு வேளைச் சாப்பாடு நடக்கறது இல்ல. அதைத் தெரிஞ்சுக்கோ.

அண்ணன்


மே 6

அண்ணனுக்கும் அண்ணிக்கும்,

போன வாரம் ஆபீஸ்ல கூப்பிட்டாங்க. எச்சரிக்கைக் கடிதம் ஒண்ணு என் கோப்புல சேரும். வேலை தொடரும். அதிகாரி, 'அந்த இஸ்திரிக்காரர் மறுபடி வந்து என் முன்னாடி உட்காராம பார்த்துக்கோங்க'ன்னார். சிரிக்காமத்தான் சொன்னார், ஆனா நாற்காலியை எனக்கு அவரே இழுத்துப் போட்டார்.

உங்க ரெண்டு பேருக்கும், மகளுக்கும், அந்த மேலாளர் அம்மாவுக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னு நாலு நாளா எழுதி எழுதிக் கிழிக்கிறேன். ரெண்டு மொழி தெரியும்னு பேரு. ஒரு மொழியிலயும் வரல. அதனால நேத்து நடந்ததை மட்டும் சொல்றேன்.

திரும்பி வந்ததும் முதல் வேலை ஒரு ஆஸ்பத்திரியில. ஒரு அம்மாவுக்கு மகனோட பரிசோதனை முடிவைச் சொல்லணும். டாக்டர் நிதானமாத்தான் பேசினார். ஒரு இடத்துல ஒரு வார்த்தை வந்துச்சு. எனக்கு ரெண்டு தமிழ் வார்த்தை தோணுச்சு. ஒண்ணு அந்த அம்மாவைத் தேவையில்லாமப் பயமுறுத்தும், இன்னொண்ணு உண்மையைப் பாதி மறைக்கும். முன்னாடியா இருந்தா கைக்கு வந்த ஒண்ணை எடுத்துச் சொல்லிட்டு அடுத்த வரிக்குப் போயிருப்பேன்.

நேத்து நான் நிறுத்தினேன். டாக்டர்கிட்ட, 'மன்னிக்கணும், சரியான வார்த்தை கிடைக்க எனக்கு ஒரு நிமிஷம் வேணும்'னேன். அந்த அம்மாகிட்டயும் தமிழ்ல அதையே சொன்னேன்.

டாக்டர் பேனாவைக் கீழே வச்சார். அந்த அம்மா, 'நிதானமா யோசிம்மா'ன்னு என் பக்கம் தண்ணி டம்ளரை நகர்த்தினாங்க.

காத்திருந்தாங்கண்ணே. ரெண்டு பேரும் காத்திருந்தாங்க. பதினொரு வருஷத்துல, கேட்டா காத்திருப்பாங்கன்னு எனக்குத் தெரியவே தெரியாது.

உங்க தங்கச்சி